ஹட்டன் ஞாயிறு வரலாறு கிளாஸ்: புரட்சிப் பாடம் நல்லது, கூரை சரியில்லை

மகள் இந்த வருடம் தரம் 11. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று ஏற்கெனவே மூன்று கிளாஸ். அதோடு வரலாற்றுக்கும் போக வேண்டும் என்றாள். மாதம் 1500 ரூபா, நோர்வூட் பக்கமிருந்து ஹட்டனுக்கு இரண்டு பேருக்கு பஸ் காசு, பகல் சாப்பாடு வேறு. வரலாறு கிளாஸ் எப்படி என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாலைந்து தாய் தகப்பன்மார் கேட்டுவிட்டார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். நிலையத்தின் பேரையும் படிப்பிக்கும் சேரின் பேரையும் போடவில்லை, குறையும் சொல்லப் போகிறேன் என்பதால்.

முதலில் குறை. இடம் ஒரு ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி, தகரக் கூரை. ஹட்டன் மழை தெரிந்தவர்களுக்கு மிச்சம் சொல்லத் தேவையில்லை. ஜூன், ஜூலையில் சேர் மைக்கைப் பிடித்துக் கத்தினாலும் பின் வாங்குக்கு ஒன்றும் கேட்காது, பிள்ளைகள் முன்னால் இருப்பவளின் கொப்பியை எட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். ஐந்து பேர் இருக்கும் வாங்கில் ஏழு பேர். அத்தனை பிள்ளைகளுக்கும் டொய்லட் ஒன்றுதான். பொம்பிளைப் பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் அதைக் கவனியுங்கள். இன்னொன்று டியூட், அதாவது கிளாசில் கொடுக்கும் அச்சுக் குறிப்பு. போட்டோகொப்பியை மறுபடி போட்டோகொப்பி அடித்தது, படங்கள் எல்லாம் கறுப்புத் திட்டு. அதைவிடப் பெரிய பிரச்சினை, ஒரு டியூட்டில் சிரிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1974 என்று அச்சாகியிருந்தது. அது 1964. 1974 இல் நடந்தது சிரிமா–இந்திரா ஒப்பந்தம். எங்கள் மலையகத் தமிழ்ச் சனத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 300,000 பேரை இலங்கையில் வைப்பது என்று எங்களைக் கேட்காமலே முடிவு செய்த வருடத்தை மலைநாட்டுப் பிள்ளைக்கே பிழையாகக் கொடுத்தால் என்ன செய்வது? சொன்னதும் சேர் அடுத்த வாரமே திருத்திச் சொன்னார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் பழைய டியூட் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது.

சரி, இவ்வளவுக்கும் பிறகு ஏன் மகளை நிறுத்தவில்லை என்றால் அந்தப் புரட்சிப் பாடம்தான் காரணம்.

தூரத்திலிருந்து வரும் பெற்றோரை சேர் பின்னால் உட்கார விடுகிறார், அதற்கே ஒரு மார்க் கொடுக்கலாம். அப்படி உட்கார்ந்து நானும் கேட்டேன். கைத்தொழிற் புரட்சி ஒரு பக்கம், அமெரிக்க, பிரெஞ்சு, ரஷ்யப் புரட்சிகள் இன்னொரு பக்கம் என்று போர்டில் இரண்டு நிரல் போட்டார். எது சமூகத்தில் நீண்ட நாள் நின்றது என்பதுதான் கேள்வி. சாதாரணமாக இந்த இடத்தில் கிளாஸ் எல்லாம் ஒரே மாதிரித்தான்: காரணம் ஐந்து, விளைவு ஐந்து, பாடமாக்கு, போ. இவர் அப்படிச் செய்யாமல் ஒரு கோப்பிக் கோப்பையில் தொடங்கினார்.

1789 இல் பாரிசில் பாஸ்டீல் சிறை உடைகிறது. மனிதர் எல்லோரும் சமம் என்று அங்கே பிரகடனம் எழுதுகிறார்கள். அந்தச் சமத்துவம் எங்களுக்கு இல்லையா என்று 1791 இல் கரிபியன் கடலில் பிரான்சின் குடியேற்றமான செயின்ட் டொமிங்கில் அடிமைகள் எழும்புகிறார்கள், 1804 இல் அது ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடாகிறது. அந்தத் தீவு அதுவரை உலகத்துக் கோப்பியில் பாதியளவு கொடுத்த இடம். பிறகு 1833 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவருகிறது, மேற்கிந்தியத் தீவுகளின் கோப்பியும் விழத் தொடங்குகிறது. 1835 இல் இலங்கைக் கோப்பிக்கும் அந்தத் தீவுகளின் கோப்பிக்கும் இங்கிலாந்தில் வரியைச் சமமாக்குகிறார்கள். அவ்வளவுதான், வெள்ளைக்காரத் துரைமார் கண்டி மலையில் காடு வெட்ட இறங்கிவிட்டார்கள். 1840 இன் 12 ஆம் இலக்கச் சட்டம், பயிர் செய்யாத காணி எல்லாம் முடிக்குரியது என்றது. முதல் வருடங்களில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்குப் போனது. வேலை செய்ய ஆள் வேண்டுமே, அதற்குத்தான் திருச்சி, மதுரை, சேலம் பக்கத்திலிருந்து எங்கள் முப்பாட்டன்மார் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியாக நடந்தது.

"அப்ப அரசியல் புரட்சியால்தானே நாங்கள் இங்கே வந்தோம் சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. சேர் அதற்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "வந்தது அதனால, நின்றது எதனாலன்னு பாருங்க" என்றார்.

நின்றது ஒரு பூஞ்சணத்தால். 1869 இல் கோப்பி இலையில் மஞ்சள் துரு கண்டது, இருபது வருடத்துக்குள் கோப்பித் தோட்டமே இல்லை என்ற நிலை. கோப்பிக்குப் பழம் ஆய்கிற பருவத்தில் ஆள் இருந்தால் போதும், ஆய்ந்து முடிய நிறையப் பேர் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். தேயிலை அப்படியில்லை. வருடம் பூராவும் கொழுந்து வரும், சில நாள் விட்டாலும் முற்றிப் போகும். அதனால் குடும்பமாக, பெண்களோடு, பிள்ளைகளோடு ஆள் நிரந்தரமாக வேண்டும். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் குடும்பங்கள் அடைந்தது அப்படித்தான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட 1867 இல் இதை யாரும் திட்டம் போட்டிருக்க மாட்டார்கள். அதே 1867 இல்தான் கண்டிக்கு ரயில் வந்தது, அதே வருடம் இங்கிலாந்தில் நகரத்துத் தொழிலாளி ஆம்பிளைகள் பலருக்கு வாக்கு கிடைத்தது. அங்கே மில்லில் வேலை செய்கிறவன் சீனி போட்ட தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு வாக்குப் போடப் போகிறான், அந்தத் தேத்தண்ணிக்கு இங்கே கொழுந்து ஆய்கிறவளுக்கு லயத்தில் ஒரு காம்பரா, ஒரே அறை. இந்த ஒரு மணித்தியாலத்துக்கே 1500 ரூபா சரியாய்ப் போய்விட்டது என்று நினைத்தேன்.

நான் தோட்டத்து இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷின் பார்க்கிற பிட்டர். கைத்தொழிற் புரட்சி என்று சொல்லி சேர் ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின் படத்தைக் காட்டியபோது எனக்கு அந்தக் கறுப்புத் திட்டுப் படத்தைவிட எங்கள் இஸ்டோரின் பழைய டிரையர்தான் கண்ணில் நின்றது. அதன் பக்கவாட்டில் ஒரு வார்ப்பிரும்புத் தகடு இருக்கிறது. பச்சைப் பெயின்டை மேலே மேலே பூசி எழுத்தே தெரியாமல் போயிருந்தது. எமரித்தாள் போட்டு உரசினால் டேவிட்சன், சிரோக்கோ, பெல்ஃபாஸ்ட் என்று புடைப்பாக எழுத்து வரும். பெல்ஃபாஸ்டில் வார்த்து, கப்பலில் கொழும்புக்கு வந்து, ரயிலில் மலையேறி, கடைசிக் கொஞ்ச தூரம் எங்கள் ஆட்கள் தோளில் வந்திறங்கிய சாமான். இப்போது அது ஓடுவதில்லை, ஆனால் அதற்குப் பிறகு வந்த டிரையரும் அதே வேலையை அதே மாதிரித்தான் செய்கிறது: அடியில் விறகு, மேலே சூடான காற்று, நடுவில் தட்டுத் தட்டாக இலை. கிளாஸ் முடிந்து இதைச் சொன்னதும், "அண்ணே, அந்த பிளேட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்களேன்" என்றார் சேர். அடுத்த கிளாசில் அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினார். பெற்றோர் சொல்வதைக் காதில் வாங்கும் டியூஷன் சேர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனால் முடிவாக அவர் எழுதிப்போட்ட வரியில் எனக்கு உடன்பாடு இல்லை. "அரசியல் புரட்சி ஆள்பவனை மாற்றும், பொருளாதாரப் புரட்சி வாழ்க்கையை மாற்றும், ஆகவே பின்னதே நிலைத்தது." பிள்ளைகள் எல்லோரும் அதைக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டார்கள். பரீட்சைக்கு அழகான வரிதான். ரஷ்யப் புரட்சி 1917 இல் வந்து 1991 இல் சோவியத்தோடு போய்விட்டது, நீராவி எஞ்சின் கொண்டுவந்த மணியடிச்ச வேலை இன்னும் போகவில்லை என்று அதற்கு உதாரணமும் சொன்னார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கேள்வியை அவர் கேட்கவே இல்லை. புரட்சி முடிந்த மறுநாள் காணி யார் கையில்?

பிரான்சை எடுங்கள். ராஜாவின் தலை போனது, பிறகு நெப்போலியன் வந்தான், 1814 இல் ராஜாவின் தம்பியே திரும்பி வந்து உட்கார்ந்தான். ஆள்பவனை மட்டும் பார்த்தால் புரட்சி தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் 1789 ஓகஸ்ட் 4 இரவு தொடங்கி 1793 க்குள் பிரபுக்களுக்குக் குடியானவன் கட்டிய வரிகள் ஒழிந்தன, திரும்பி வந்த ராஜாவால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. தேவாலயக் காணியை ஏலம் விட்டதையும் அவன் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. அந்தக் காணியில் பெரும் பங்கைக் காசுள்ளவர்கள்தான் வாங்கினார்கள், ஏழைக்குக் கிடைத்தது கொஞ்சம், அதுவும் உண்மை. ஆனாலும் 1804 சிவில் சட்டம் பிள்ளைகளுக்குள் சொத்தைச் சமமாகப் பிரிக்கச் சொன்னது, சின்னக் காணிக்காரன் என்ற ஒரு ஆள் பிரான்சில் நின்றுவிட்டான். அரசியல் புரட்சிதான், ஆனால் வாழ்க்கையைத்தானே மாற்றியது? இங்கிலாந்தில் மறுபக்கம். அங்கே பொதுப் புல்வெளிகளை வேலி போட்டு அடைத்து, காணியில்லாதவனை மில்லுக்குத் தள்ளினார்கள். ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளையைத் துணி மில்லில் வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1833 இல் சட்டம் போட வேண்டி வந்ததென்றால் அதற்கு முன் என்ன நடந்திருக்கும்? அந்தச் சட்டத்தை மெஷின் கொண்டுவரவில்லை, பாராளுமன்றம்தான் கொண்டுவந்தது. ரஷ்யாவில் 1917 இல் காணி ஆணை போட்டுக் குடியானவனுக்குக் கொடுத்தார்கள், 1929 க்குப் பிறகு கூட்டுப் பண்ணை என்று அதே கையால் வாங்கிக்கொண்டார்கள், பஞ்சமும் வந்தது. அங்கே ஆட்டம் கண்டது ஏன் என்பதற்கு எனக்கு இதுவே பாதிப் பதில்.

இப்போது எங்கள் மலைக்கு வாருங்கள். 1972 காணிச் சீர்திருத்தம், ஆளுக்கு 50 ஏக்கர் உச்சம். 1975 இல் வெள்ளைக்காரக் கம்பனிகளின் தோட்டங்களையும் அரசு எடுத்தது. காகிதத்தில் பார்த்தால் பிரான்சைவிடப் பெரிய புரட்சி, ஒரு துப்பாக்கிச் சத்தமில்லாமல் துரைமார் போய்விட்டார்கள். ஆனால் அந்த மண்ணைக் கொத்தியவனுக்குக் கிடைத்தது என்ன? தோட்டம் கூட்டுத்தாபனங்களுக்குப் போனது, எங்கள் ஆள் காலையில் வேலை பிரிக்கும் அதே பிரட்டுக் களத்தில் அதே வரிசையில் நின்றான். அந்த வருடங்களில் தோட்டங்களில் பட்டினி. எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 1977 மே 11 இல் டெவன் தோட்டத்தில், நுவரெலியா மாவட்டத் தோட்டக் காணி 7000 ஏக்கரை எடுப்பதற்கு எதிராக நின்ற சிவனு லெட்சுமணன் சுடுபட்டுச் செத்தார். 1992 இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி தனியார் கம்பனிக்கு. துரை மாறினார், போர்டு மாறியது, ஜீப் மாறியது. லயம் மட்டும் அப்படியே. சேர் எழுதிப்போட்ட அந்த வரி சரி என்பதற்கு இதையே ஆதாரமாகச் சொல்லலாம், அவரும் சொன்னார். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. தேயிலை தானாக 150 வருடம் எங்களை லயத்தில் வைத்திருக்கவில்லை. அப்படி வைக்க ஒரு அரசியல் தேவைப்பட்டது.

அந்த அரசியல் இதுதான். 1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமை கொடுத்தது. பிரான்சில் 1789 ஒக்டோபரில் பாணுக்காக வெர்சாய் வரை நடந்து ராஜாவையே பாரிசுக்கு இழுத்து வந்த பெண்களுக்கு வாக்கு வந்தது 1944 இல்தான், இலங்கைப் பெண்ணுக்கு அதற்கு 13 வருடம் முன்னமே வந்துவிட்டது. சேர் இதைச் சொன்னபோது கிளாசில் பொம்பிளைப் பிள்ளைகள் பக்கம் ஒரே சத்தம். தோட்டத்து ஆட்களுக்கு ஐந்து வருட வதிவிடம், அது இது என்று நிபந்தனை வைத்தார்கள், அப்படியும் நிறையப் பேர் பதிந்தார்கள். 1936 இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் ஹட்டன் தொகுதியில் வென்றார். 1940 இல் முல்லோயாவில் வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் சுடப்பட்டபோது அது சட்டசபை வரை போய்க் கேள்வியானது. 1947 இல் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனம் எடுத்தது. உடனே என்ன செய்தார்கள்? 1948 இல் எங்களை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டம், 1949 இல் வாக்காளர் பட்டியலிலிருந்தும் வெட்டு. சுதந்திரம் கிடைத்த கையோடு எங்கள் பாட்டிமார் வாக்கை இழந்தார்கள். இவர்கள் வாக்கை வைத்துக்கொண்டு காணி கேட்கப் போகிறார்கள் என்று பயம் இருந்ததால்தானே அவ்வளவு அவசரம்? 1972 இல் காணியைப் பங்கு போட்டபோது மேசையில் எங்கள் வாக்கால் தெரிவான ஆள் ஒருவர்கூட இல்லை. 1971 இல் எழும்பிய ஜே.வி.பி. இளைஞர்களும் எங்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கட்சியில் சேர்வோருக்கு அவர்கள் நடத்திய ஐந்து அரசியல் வகுப்பில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம், அதில் தோட்டத் தொழிலாளி இந்தியாவின் கையாள்.

1988 இலும் 2003 இலும் சட்டம் வந்து நாடற்றவர் பிரச்சினை முடிந்தது. அதற்குப் பிறகுதான் தோட்டத்து ரோட்டுக்குத் தார், பாடசாலைக்கு மாடி, ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்று ஒவ்வொன்றாக வருகிறது, அதுவும் தேர்தலுக்குத் தேர்தல்தான். மெதுவாக, அரைகுறையாக, கொடியோடும் படத்தோடும் வருகிறது, ஆனால் வருகிறது. தேயிலை விலை கூடிய வருடங்களில் இவை வரவில்லை என்பதைக் கவனியுங்கள். நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது 2021 இல். அதுவும் இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் அரசின் சம்பளச் சபை வழியாக வந்தது, தேயிலை ஏல விலையைப் பார்த்து யாரும் தரவில்லை.

இதை எல்லாம் சேரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீங்க சொல்றது சரிதான் அண்ணே, ஆனா மார்க்கிங் ஸ்கீம்ல காணின்னு ஒரு நிரல் இல்லையே" என்றார். அதுவும் நியாயம்தான், அவர் பிள்ளைகளை ஏ எடுக்க வைக்கத்தானே காசு வாங்குகிறார். ஆனால் பிள்ளைகள் 2021 இரசாயன உரத் தடையைப் பற்றியும் 2022 இன் அரகலய என்ற மக்கள் போராட்டம் பற்றியும் கேட்டபோது "அது சிலபஸில் இல்லை" என்று தாண்டிப் போனது எனக்குப் பிடிக்கவில்லை. உரம் இல்லாமல் கொழுந்து குறைந்து, கோதுமை மா விலை ஏறி, ரொட்டியைப் பாதியாக்கிச் சாப்பிட்ட பிள்ளைகள் அந்த வாங்குகளில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலிருந்து ஒரே நாளில் வந்த ஒரு உத்தரவு, அதற்குப் பிறகு கீழிருந்து வந்து ஜனாதிபதியை ஓட வைத்த சனம், இரண்டையும் ஒரு பத்து நிமிடம் பேசியிருந்தால் பொருளாதாரமும் அரசியலும் எப்படி ஒன்றை ஒன்று இழுக்கின்றன என்று புத்தகம் இல்லாமலே விளங்கியிருக்கும்.

யாருக்கு இந்த கிளாஸ் சரிவரும்? பாடத்தை ஏற்கெனவே ஒருமுறை வாசித்துவிட்டு, ஏன் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு. கேள்வி கேட்டால் சேர் கோபிப்பதில்லை, அடிப்பதில்லை, தோட்டத்துப் பிள்ளை டவுன் பிள்ளை என்று வித்தியாசம் பார்ப்பதில்லை. கடந்தகால வினாத்தாள் வேகமாகச் செய்து மார்க் எடுக்க வேண்டும், அதற்கு மட்டும் ஒரு இடம் வேண்டும் என்றால் வேறு இடம் பாருங்கள், இங்கே அது குறைவு. டியூட்டை அப்படியே நம்ப வேண்டாம், வருடங்களை அரசாங்கப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காலை எட்டு மணி கிளாசுக்கு ஏழரைக்கே போனால் முன் வாங்கு கிடைக்கும், மழைக் காலத்தில் அது முக்கியம். காசு மாத முதல் கிழமை கட்ட வேண்டும், இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டிலிருந்து வந்தால் குறைக்கிறார், கேட்டுப் பாருங்கள், தானாகச் சொல்ல மாட்டார்.

மகள் தன் கொப்பியில் அந்த இரண்டு நிரலுக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்றாவது ஒன்று போட்டு "காணி" என்று எழுதி வைத்திருக்கிறாள், பரீட்சையில் எழுத வேண்டாம் என்று நானே சொல்லியிருக்கிறேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கூரைக்கு ஒன்று, டியூட்டுக்கு அரை வெட்டு.